ஐந்து முதலாளிமார் கட்டிய ஒரே நிலையம்

1998ஆம் ஆண்டு மார்ச் மாதம் நான் முதற் தடவையாக லண்டன் போயிருந்தபோது நடந்த சம்பவம் இது. கறுவா, மிளகு, சாதிக்காய் மாதிரிகளைச் சிறு பைகளில் கட்டி எடுத்துக்கொண்டு கெனன் வீதியில் இருந்த ஒரு இறக்குமதிக் கம்பனிக்குப் புறப்பட்டேன். காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் தங்கியிருந்தது டூட்டிங் பகுதியில், மச்சான் ஒருவரின் வீட்டில். "நோர்தன் லைன்ல ஏறி பேங்க் ஸ்டேஷன்ல இறங்குங்க மச்சான். மேலுக்கு ஏறினா கந்தோர் கிட்டதான் ஈக்குது" என்று அவர் வழி சொல்லி அனுப்பினார்.

ஒன்பதரைக்கு முன்னரே பேங்க் நிலையத்தில் இறங்கிவிட்டேன். அதன் பிறகுதான் சோதனை ஆரம்பமானது. கூட்டம் போன பக்கமாகவே நானும் போனேன். வளைந்து வளைந்து ஒரு பாதை, நகரும் படிக்கட்டு, இன்னொரு பாதை, பிறகு சாதாரணப் படிகள். மேலே ஏறிப் பார்த்தால் தூண்கள் வைத்த பெரியதொரு மாளிகை முன்னால் நிற்கிறது. எந்தப் பக்கம் கெனன் வீதி என்று தெரியவில்லை. மீண்டும் கீழே இறங்கினேன். இரண்டாம் முறை வேறொரு நிலையத்தின் பெயர்ப்பலகைக்குக் கீழால் வெளியே வந்தேன். அதில் மொனுமென்ட் என்று எழுதியிருந்தது. ரயிலில் ஏறாமலேயே அடுத்த நிலையத்துக்கு வந்துவிட்டேனே என்று திகைத்துப் போனேன். விசாரித்து விசாரித்து அந்த அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து முப்பத்தைந்து. சந்திக்க வேண்டியவர் வேறொரு கூட்டத்துக்குப் போய்விட்டார். மாதிரிகளை ஒரு பெண்மணி வாங்கி வைத்தார். அந்தக் கம்பனியிலிருந்து எனக்கு ஓடர் எதுவும் வரவில்லை. பிந்திப் போனது என் பிழை, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

2024இல் மகளைப் பார்க்கப் போனபோது அதே மேடையில் மீண்டும் இறங்கினேன். புதியதொரு மண்டபம், பளிச்சென்ற நகரும் படிக்கட்டுகள். மூன்று நிமிடத்தில் மேலே வந்துவிட்டேன். வந்து நின்றது வேறெங்குமல்ல, கெனன் வீதியில்தான்! அந்த வாசல் திறக்கப்பட்டது 2023 பெப்ரவரி 27ஆம் திகதி என்று மருமகன் சொன்னார். எனக்கு அது சரியாக இருபத்தைந்து வருடம் பிந்திய வாசல்.

ஒரு நிலையத்தில் ஒரு வாசல் வைக்க ஏன் இத்தனை காலம் எடுத்தது? அதைத் தேடிப் படித்ததில் கிடைத்தவற்றையே இந்த வாரம் வாசகர்களோடு பகிர்ந்து கொள்கிறேன். ரயில் கதை நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். இது முழுக்க முழுக்க ஒரு வியாபாரக் கதை.

சந்தியும் அதன் கீழே உள்ளதும்

பேங்க் என்பது இங்கிலாந்து வங்கியைக் குறிக்கும் பெயர். 1694இல் ஆரம்பிக்கப்பட்ட அந்த வங்கி 1734 முதல் த்ரெட்நீடில் வீதியில் இருந்து வருகிறது. அதற்கு எதிரே, அன்று நான் பார்த்துத் திகைத்த தூண்கள் வைத்த கட்டடம், ரோயல் எக்ஸ்சேஞ்ச் எனப்படும் பழைய வர்த்தக மாற்று நிலையம். இப்போதுள்ளது அந்த இடத்தில் எழுந்த மூன்றாவது கட்டடம், 1844இல் திறக்கப்பட்டது. இன்னொரு மூலையில் லண்டன் மாநகரப் பிதாவின் வாசஸ்தலமான மேன்சன் ஹவுஸ். கோர்ன்ஹில், லொம்பார்ட் வீதி, கிங் வில்லியம் வீதி, குயின் விக்டோரியா வீதி, பிரின்சஸ் வீதி, போல்ட்ரி என்று எல்லா வீதிகளும் வந்து முட்டும் சந்தி இது. லொம்பார்ட் வீதி இத்தாலியிலிருந்து வந்து வட்டிக்கடை வைத்த வணிகர்களால் அந்தப் பெயரைப் பெற்றது.

நமக்கும் இந்தச் சந்திக்கும் பழைய தொடர்பு உண்டு. இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் நோயால் அழிந்தபோது, 1884 மே மாதத்தில் முறிந்து விழுந்த ஓரியண்டல் வங்கியின் தலைமையகம் இந்த த்ரெட்நீடில் வீதியிலேயே இருந்தது. கொழும்பில் அந்த வங்கியின் நோட்டுகளைக் கையில் வைத்திருந்த வியாபாரிகள் பதறிப்போக, ஆளுநர் ஆர்தர் கோர்டன் அரசாங்கம் பொறுப்பு நிற்கும் என்று அறிவித்து நிலைமையைச் சமாளித்தார். கோப்பிக்குப் பின் வந்த தேயிலை விற்பனையான மின்சிங் லேன் என்ற ஒழுங்கையும் மொனுமென்ட் வாசலிலிருந்து சில நிமிட நடைதூரத்தில்தான் உள்ளது. லண்டன் தேயிலை ஏலம் 1998 ஜூன் மாதத்துடன் நிறுத்தப்பட்டது. நான் போனது அதற்கு மூன்று மாதம் முன்பு.

இனி நிலத்துக்குக் கீழே போவோம். சந்தியின் நேர் கீழே, வீதிக்குச் சற்றுக் கீழாக, டிக்கட் மண்டபமும் பாதசாரிகள் வீதியைக் கடக்கும் சுரங்க வழிகளும் உள்ளன. அதற்கும் ஆழத்தில் சென்ட்ரல் லைன் கிழக்கு மேற்காக, வாழைப்பழம் போல வளைந்து கிடக்கிறது. மேற்குப் பக்கம் மேன்சன் ஹவுஸ் அருகே, குயின் விக்டோரியா வீதியின் கீழே, வோட்டர்லூ அன்ட் சிட்டி லைன். தெற்குப் பக்கமாக கிங் வில்லியம் வீதியின் கீழே நோர்தன் லைன், அதற்கும் கீழே டொக்லண்ட்ஸ் இலகு ரயில். அந்த வீதியின் தெற்கு முனையில், அதிக ஆழமில்லாமல், டிஸ்ட்ரிக்ட், சேர்க்கிள் ரயில்கள் ஓடும் மொனுமென்ட் நிலையம். ஆக ஆறு ரயில் பாதைகள், இரண்டு பெயர்கள். ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போவதென்றால் நமது புறக்கோட்டை மெயின் வீதியில் ஒரு நல்ல நடை நடந்த மாதிரி. அதுவும் படியேறி, படியிறங்கி.

யாராவது ஒருவர் உட்கார்ந்து வரைந்த திட்டமாக இருந்தால் இப்படி இருக்காது. இது ஐந்து தனியார் கம்பனிகள் தத்தமது இலாபத்தைப் பார்த்துத் தனித்தனியாகக் கட்டிய நிலையம். ஒரு கம்பனியின் பயணி இன்னொரு கம்பனியின் ரயிலுக்கு இலகுவாக மாறிப் போக வேண்டும் என்பது அன்று யாருடைய கணக்குப் புத்தகத்திலும் ஒரு வரவாக இருக்கவில்லை.

சண்டை பிடித்த இரு கம்பனிகள்

முதலில் வந்தது மொனுமென்ட். 1666ஆம் ஆண்டு லண்டனை அழித்த பெருந்தீயின் ஞாபகார்த்தமாக எழுப்பப்பட்ட 202 அடி உயரத் தூணின் பெயரைக் கொண்ட நிலையம். 1884 ஒக்டோபர் 6ஆம் திகதி ஈஸ்ட்சீப் என்ற பெயரில் திறக்கப்பட்டு, அடுத்த மாதமே பெயர் மாற்றப்பட்டது. அன்றுதான் லண்டனின் வட்டப் பாதை முழுமை பெற்றது. ஓரியண்டல் வங்கி முறிந்த அதே வருடம்.

அந்த வட்டப் பாதையை இரண்டு கம்பனிகள் வைத்திருந்தன. ஒன்று மெட்ரோபொலிட்டன், மற்றது டிஸ்ட்ரிக்ட். மெட்ரோபொலிட்டனின் தலைவர் எட்வர்ட் வொட்கின், டிஸ்ட்ரிக்டின் தலைவர் ஜேம்ஸ் ஸ்டாட்ஸ் ஃபோர்ப்ஸ். இருவரும் ஒருவரையொருவர் கண்டால் ஆகாது. வட்டத்தை மூடாமலேயே பல வருடங்கள் இழுத்தடித்தார்கள். கடைசியில் சிட்டியின் பணக்காரர்கள் நெருக்குதல் கொடுத்த பிறகே கட்டி முடித்தார்கள். திறந்த பிறகும் சண்டை ஓயவில்லை. ஒரு கம்பனியின் ரயில் வலமாகச் சுற்றும், மற்றதன் ரயில் இடமாகச் சுற்றும். ஆளுக்கொரு டிக்கட் ஜன்னல். விஷயம் தெரியாத பயணி வந்து கேட்டால், எதிர்ப் பக்கமாகப் போனால் அவன் மூன்று நிலையங்களில் இறங்கலாம் என்று தெரிந்திருந்தும், தங்கள் ரயிலில் வட்டத்தைச் சுற்றி வரும்படி டிக்கட் விற்றுவிடுவார்கள். பக்கத்துக் கடையில் நல்ல சாமான் இருப்பதைத் தெரிந்துகொண்டே வாடிக்கையாளரின் தலையில் தன்னிடமுள்ளதைக் கட்டும் வியாபாரிகளை நாமும் கண்டிருக்கிறோமே!

தெருவுக்குக் கீழே இலவசம்

அடுத்து வந்தவர்கள் ஆழமாகத் தோண்டத் தெரிந்தவர்கள். சிட்டி அன்ட் சவுத் லண்டன் கம்பனி 1890 டிசம்பரில் ஸ்டொக்வெல்லிலிருந்து தேம்ஸ் ஆற்றுக்கு அடியால் கிங் வில்லியம் வீதி வரை மின்சார ரயிலை ஓட்டியது. ஆழமான குழாயில் மின்சாரத்தால் ஓடிய ரயில்களில் உலகிலேயே முதலாவது இதுதான். ஜேம்ஸ் ஹென்றி கிரேட்ஹெட் என்பவர் பொறியியலாளர். நான் டூட்டிங்கிலிருந்து வந்த பயணத்தின் ஒரு பகுதி இந்தக் கம்பனியின் பழைய வழித்தடமே.

இங்கே ஒரு சட்ட விஷயத்தைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் காணியின் சொந்தக்காரனுக்கு அதன் கீழேயுள்ள நிலமும் சொந்தம். ஒருவருடைய கட்டடத்தின் அடியால் சுரங்கம் போவதென்றால் அவருக்குப் பணம் கொடுக்க வேண்டும். பொதுத் தெருவுக்கு அடியால் போனால் அந்தச் செலவு இல்லை. ஆகவே கம்பனிகள் தெருக்கள் எப்படி வளைந்தனவோ அப்படியே சுரங்கத்தையும் வளைத்தன. கிங் வில்லியம் வீதிக்குப் போகும் வழியில் ஒழுங்கைகள் மிகவும் ஒடுக்கமாக இருந்ததால், போகும் சுரங்கத்தையும் வரும் சுரங்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட இடமில்லாமல், சில இடங்களில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டார்கள்!

அந்த முடிவு நிலையம் பெரும் தோல்வி. வண்டிகளைக் கம்பி வடத்தால் இழுப்பது என்றே முதலில் திட்டமிட்டார்கள். பிறகு மின்சாரத்துக்கு மாறினார்கள். ஆனால் வடத்துக்கென்று கணக்குப் பார்த்த ஏற்றமும் கூர்மையான வளைவும் அப்படியே இருந்தன. பயணிகளை ஏற்றிய ரயில் மேட்டில் ஏறத் திணறியது. ஒன்பது வருடங்களே ஆன நிலையத்தை 1900 பெப்ரவரியில் கைவிட்டு, புதிய சுரங்கம் தோண்டி, பேங்க் சந்தி வழியாக மூர்கேட் வரை பாதையை நீட்டினார்கள். மிச்சம் பிடிக்கப் போட்ட திட்டம் இரட்டைச் செலவில் முடிந்தது.

பேங்க் சந்தியில் நிலையம் வைக்க இடம் தேடியபோது கம்பனியின் கண் செயின்ட் மேரி வுல்நொத் என்ற தேவாலயத்தில் விழுந்தது. நிக்கலஸ் ஹோக்ஸ்மோர் வடிவமைத்து 1727இல் பூர்த்தியான ஆலயம் அது. அதை இடித்துவிட்டு நிலையம் கட்டவே கம்பனி அனுமதி பெற்றிருந்தது. மக்கள் எதிர்ப்புக் கிளம்பவே, ஆலயத்தைத் தொடாமல் அதன் நிலவறையை மட்டும் எடுத்துக்கொள்ளும்படியாயிற்று. அங்கு அடக்கப்பட்டிருந்த உடல்கள் வேறு மையவாடிக்கு மாற்றப்பட்டன. ஆலயம் முழுவதையும் இரும்பு உத்திரங்களில் தாங்கி நிறுத்தி வைத்துக்கொண்டு, அதன் அடியில் லிப்ட் குழிகளையும் டிக்கட் கூடத்தையும் கட்டினார்கள். ஆலயம் இன்றும் நிற்கிறது. 2024இல் உள்ளே போய்ப் பார்த்தேன். காலுக்குக் கீழே ரயில் போவது மெல்லியதாகக் கேட்டது.

அதே வருடம் 1900 ஜூலை 30ஆம் திகதி சென்ட்ரல் லண்டன் ரயில்வே பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஷெப்பர்ட்ஸ் புஷ் என்ற இடத்திலிருந்து பேங்க் வரை. எங்கே ஏறினாலும் எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், இரண்டு பென்ஸ். 'இரண்டு பென்ஸ் குழாய்' என்றே ஜனங்கள் பெயர் வைத்துவிட்டார்கள். கணக்குப் பார்க்கத் தேவையில்லாத விலை என்பது எவ்வளவு பெரிய விளம்பரம் என்பதை அந்தக் கம்பனி நன்றாகத் தெரிந்து வைத்திருந்தது.

இந்தக் கம்பனிக்குச் சந்தியில் கட்டடம் எழுப்ப இடம் கிடைக்கவில்லை. அங்கே ஒரு சதுர அடியின் விலையை யோசித்துப் பாருங்கள். தெருவுக்கு அடியில் டிக்கட் மண்டபம் கட்ட மாநகர நிர்வாகத்திடம் அனுமதி கேட்டார்கள். நிர்வாகம் சும்மா கொடுக்கவில்லை. ரயிலில் ஏறாத பாதசாரிகளும் சந்தியைக் கடக்கக் கூடியதாகச் சுரங்க வழிகளைக் கட்டித் தர வேண்டும் என்று நிபந்தனை போட்டது. இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பேரம் இதுவே. ஊருக்குப் பொதுவான ஒரு வசதியைத் தனியார் பணத்தில் செய்வித்துக் கொண்டார்கள்.

சென்ட்ரல் லைன் வளைந்திருப்பதற்கும் அதே தெருக் கணக்கே காரணம். மேடையின் ஒரு முனையில் நின்றால் மறு முனை தெரியாது. ரயில் பெட்டி நேரானது, மேடையோ வளைந்தது. இடையில் சில இடங்களில் கிட்டத்தட்ட ஒரு அடி இடைவெளி. லண்டன் ரயில் என்றாலே ஞாபகம் வரும் "இடைவெளியைக் கவனியுங்கள்" என்ற ஒலிபெருக்கி எச்சரிக்கை 1960களின் கடைசியில் இப்படிப்பட்ட மேடைகளுக்காகவே வந்தது. காணிக்காரருக்குக் கொடுக்காமல் 1890களில் மிச்சம் பிடித்த பணத்துக்கு, இன்றும் ஒவ்வொரு பயணியும் காலை அகட்டி வைத்து வட்டி கட்டிக் கொண்டிருக்கிறான்.

ஐந்தாவது கம்பனியை மறந்துவிட்டேன். வோட்டர்லூ அன்ட் சிட்டி. வோட்டர்லூ நிலையம் 1848 முதல் தேம்ஸ் ஆற்றின் தென்பக்கத்தில் நின்றது. அங்கு வந்திறங்கும் குமாஸ்தாக்கள் ஆற்றைக் கடந்து சிட்டிக்கு வர வேறு வழி தேட வேண்டும். அந்தக் குறையைத் தீர்க்க, லண்டன் அன்ட் சவுத் வெஸ்டர்ன் என்ற பெரிய ரயில் கம்பனியின் ஆதரவோடு 1898 ஆகஸ்ட் மாதம் இந்தப் பாதை திறக்கப்பட்டது. இரண்டே நிலையங்கள். போவதும் வருவதும் அலுவலகக்காரர்களே. ஆகையால் ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்கு வேலையில்லை. சாய்வான ஒரு நீண்ட குழாய்ப் பாதையில் மூச்சு வாங்க நடந்தே மேலே வர வேண்டியிருந்தது. 1960 செப்டம்பரில்தான் அதில் நகரும் நடைபாதை போட்டார்கள். அறுபத்திரண்டு வருடம்! நாடு ரயில்களை 1948இல் அரசுடைமையாக்கியபோதும் இந்தச் சிறு பாதை மட்டும் மற்றவற்றோடு சேராமல் பிரித்தானிய ரயில்வேயிடம் போனது. 1994 ஏப்ரலில்தான் லண்டன் சுரங்க ரயிலுக்குக் கைமாறியது. விலை ஒரு பவுண். நம்புங்கள், ஒரேயொரு பவுண்.

ஒரு கூரையின் கீழ்

1913இல் சிட்டி அன்ட் சவுத் லண்டனும் சென்ட்ரலும் ஏற்கனவே டிஸ்ட்ரிக்டை வைத்திருந்த பெரிய குழுமத்தின் கைக்கு வந்தன. 1933 ஜூலை முதலாம் திகதி லண்டன் பயணிகள் போக்குவரத்துச் சபை உருவாகி, மெட்ரோபொலிட்டனும் அதற்குள் வந்து சேர்ந்தது. அதே வருடம் செப்டம்பர் 18ஆம் திகதி பேங்க் நிலையத்தையும் மொனுமென்டையும் இணைக்கும் நகரும் படிக்கட்டுப் பாதை திறக்கப்பட்டது. மொனுமென்ட் கட்டி நாற்பத்தொன்பது வருடங்களுக்குப் பிறகு. இரண்டு பக்கத்துக்கும் ஒரே முதலாளி வந்த பிறகே இடையிலிருந்த மண்ணை வெட்ட யாருக்கும் மனம் வந்தது.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

யுத்த காலத்தில் 1941 ஜனவரி 11ஆம் திகதி இரவு, தெருவுக்கு அடியிலிருந்த அந்த டிக்கட் மண்டபத்தின் மேல் ஜெர்மன் குண்டு ஒன்று விழுந்தது. வீதியே உள்ளே இறங்கியது. வெடிப்பின் வேகம் நகரும் படிக்கட்டு வழியாகக் கீழே மேடைவரை போனது. குண்டுக்குப் பயந்து அங்கே தங்கியிருந்தவர்கள் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சந்தியின் நடுவில் உண்டான பெரும் பள்ளத்துக்கு மேலால் இராணுவப் பொறியியலாளர்கள் தற்காலிகப் பாலம் போட்டார்கள். சில மாதங்களில் நிலையம் மீண்டும் இயங்கியது.

அதன் பிறகு பெரிய மாற்றம் 1991இல். கிழக்கே பழைய துறைமுகப் பகுதியில் கெனரி வோர்ஃப் என்ற அலுவலக நகரத்தை ஒலிம்பியா அன்ட் யோர்க் என்ற கனேடியக் கம்பனி கட்டிக் கொண்டிருந்தது. சிட்டியிலிருந்து நேரடி ரயில் இல்லாவிட்டால் எந்த வங்கியும் அங்கே வாடகைக்கு வராது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே டொக்லண்ட்ஸ் இலகு ரயிலைப் பேங்க் வரை நீட்டும் செலவில் அந்தக் கம்பனியும் பங்கு போட்டது. மேலே உள்ள இடங்களையெல்லாம் மற்றப் பாதைகள் பிடித்துவிட்டதால் இது எல்லாவற்றுக்கும் அடியில் போக வேண்டியதாயிற்று. 1991 ஜூலையில் ரயில் வந்தது. 1992 மே மாதம் ஒலிம்பியா அன்ட் யோர்க்கின் கெனரி வோர்ஃப் திட்டம் கடனில் மூழ்கியது. வாடகைக்காரர் வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்கக் கையில் காசில்லை. இன்று கெனரி வோர்ஃப் முழுக்க வங்கிகள், ரயிலும் நிரம்பி வழிகிறது. போட்டவன் ஒருவன், அனுபவித்தவன் இன்னொருவன்.

அந்தப் புதுக் கூட்டமும் சேர்ந்தபோது நிலையம் திணறத் தொடங்கியது. நோர்தன் லைன் மேடைகள் 1900இல் போட்ட அளவுகளில் ஒடுக்கமாக இருந்தன. காலை நெரிசலில் உள்ளே வரும் வாசல்களைச் சற்று நேரம் மூடி, கூட்டம் குறைந்த பிறகு திறக்க வேண்டிய நிலை. கடை நிறைந்துவிட்டது, ஷட்டரைப் பாதி இறக்கு என்பது போல.

ஆகவே 2016இல் பெரிய வேலையை ஆரம்பித்தார்கள். செலவு ஏறத்தாழ 700 மில்லியன் பவுண். நோர்தன் லைனில் தெற்கே போகும் ரயிலுக்குப் புத்தம் புதிய சுரங்கம் ஒன்றை, மேலேயுள்ள பழைய மாளிகைகளின் அத்திவாரங்களுக்கு இடையால் நெளிந்து நெளிந்து தோண்டினார்கள். பழைய சுரங்கத்தையும் புதியதையும் பொருத்துவதற்காக 2022 ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மே நடுப்பகுதி வரை, நான்கு மாதங்கள், அந்தப் பகுதியில் ரயிலை நிறுத்தி வைத்தார்கள். பிறகு செய்ததுதான் சாமர்த்தியம். ரயில் போய் வந்த பழைய தெற்குச் சுரங்கத்தின் தண்டவாளக் குழியை மூடி, மேடையோடு சேர்த்து மக்கள் நடக்கும் அகன்ற கூடமாக்கிவிட்டார்கள். நோர்தன் லைனிலிருந்து சென்ட்ரலுக்குப் போக, தொண்ணூறு மீற்றருக்கும் அதிக நீளமான நகரும் நடைபாதைகள் 2022 ஒக்டோபரில் வந்தன. புதிய நகரும் படிக்கட்டுகள் மட்டும் பன்னிரண்டு. நிலையத்தின் கொள்ளளவு நாற்பது வீதம் கூடியதாகக் கணக்கு. கடைசியாகத் திறந்ததே என்னுடைய கெனன் வீதி வாசல். சக்கர நாற்காலியில் வருபவர் லிப்டில் நேரே நோர்தன் லைன் மேடைக்குப் போகலாம்.

மேற்குப் பக்கத்தில், வோட்டர்லூ அன்ட் சிட்டி லைனுக்கான புதிய வாசல் ஒன்று வோல்புரூக் என்ற தெருவில் 2018 நவம்பரிலேயே திறக்கப்பட்டுவிட்டது. ப்ளூம்பேர்க் கம்பனியின் புதிய கட்டடத்தோடு சேர்த்துக் கட்டிய வாசல் அது. சொந்தக் கட்டடத்துக்குள் ரயில் வாசலுக்கு இடம் விட்டவருக்கு அதில் நட்டமொன்றும் இல்லை.

2024இல் நான் ஒரு வேலை நாள் காலை எட்டரை மணிக்கு வேண்டுமென்றே அங்கே போய் ஓரமாக நின்று பார்த்தேன். பழைய பழக்கம், கூட்டத்தைக் கண்டால் கடை போட இடம் தேடும் கண். ஆனால் அந்தக் கூட்டம் வாங்கும் கூட்டமல்ல, ஓடும் கூட்டம். யாரும் தலையைத் திருப்புவதில்லை. சனிக்கிழமை அதே இடத்துக்குப் போனால் என் காலடிச் சத்தம் எனக்கே கேட்டது. வாடகை பேசும்போது ஆள் எண்ணிக்கையை மட்டும் காட்டும் தரகர்களை அங்கே ஒரு வாரம் நிறுத்தி வைக்க வேண்டும் போலிருந்தது.

அந்த ஐந்து கம்பனிகளையும் முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அரசாங்கம் ஒரு சதமும் போடாத காலத்தில் பங்குதாரர்களின் காசை மண்ணுக்குள் கொட்டித் துணிந்து இறங்கியவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் அங்கே ரயிலே இருந்திராது. காணிக்காரருக்கெல்லாம் கொடுத்து நேராகத் தோண்டியிருந்தால் பாதியில் முறிந்திருப்பார்கள். ஆனாலும் பக்கத்துக் கம்பனியோடு ஒரு மேசையில் உட்கார்ந்து, நடுவில் ஒரு வழி விடுவோம், செலவைப் பிரித்துக் கொள்வோம் என்று பேசுவதற்கு அவ்வளவு பணம் தேவைப்பட்டிராது.

எனக்குச் சுருக்கென்ற காரணத்தைச் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? புறக்கோட்டையில் வாப்பா விட்டுப் போன கட்டடத்தை நானாவும் நானும் தம்பியும் மூன்றாகப் பிரித்துக் கொண்டோம். சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் ஆளுக்கொரு ஷட்டர், ஆளுக்கொரு லாச்சி, நடுவில் இரண்டு சுவர். என்னிடம் மசாலா வாங்க வரும் வெளியூர்க் கடைக்காரருக்குத் தம்பியிடம் பிளாஸ்டிக் சாமானும் வேண்டும். அவர் மேல் மாடியிலிருந்து கீழே இறங்கி, தெருவுக்கு வந்து, நாட்டாமிமாரின் வண்டிகளுக்கு இடையால் நெளிந்து, பக்கத்துப் படியில் மீண்டும் மேலே ஏற வேண்டும். வயதானவர்கள் பாதிப்பேர் ஏறுவதில்லை. இருபது வருடமாக இப்படித்தான் நடக்கிறது.

லண்டனிலிருந்து வந்த மறுவாரம் தம்பியிடம் போனேன். மேல் மாடிச் சுவரில் ஒரு கதவு அளவுக்கு வெட்டுவோம் என்றேன். மேசனைக் கூட்டிப் போய்க் காட்டினேன். மேசன் அளந்து பார்த்து ஒரு தொகை சொன்னார், பெரிய தொகையல்ல. தம்பி கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக் கொண்டிருந்துவிட்டு, "சரி நானா, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது? பூட்டு ஆருட பக்கம்?" என்று கேட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறோம். மூத்த நானாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.